சுவரோரம் பதினோரு தூக்குச்சட்டிகள்

நேற்று கடையில் வாங்கிய புளிப் பொட்டலத்தைப் பிரித்தேன். இயந்திரத்தில் கொட்டை எடுத்த புளி. ஆனாலும் என் கட்டைவிரல் தானாக அழுத்தி அழுத்திக் கொட்டையைத் தேடியது. நல்லவேளை, பக்கத்தில் யாரும் இல்லை.

பதினாறு வயதில் மலையிலிருந்து இறங்கி, படவேட்டுப் பக்கம் ஒரு கொட்டகையில் புளிக்குக் கொட்டை எடுத்தேன். பதினோரு பெண்கள். தகரக் கூரை. வெளியே தெரியக் கூடாதென்று கதவைச் சாத்தியே வைப்பார்கள். விரலிடுக்கெல்லாம் புண். என்னோடு நடந்து வரும் வள்ளி, கைக்குழந்தைக்காரி, புருஷனை இழந்தவள், "நம்ப கையையே கரைச்சி கொழம்பு வெக்கலாம்டி" என்பாள்.

தொழிலாளர் சங்கத்து அக்கா ஒருவர் வருவார். சர்க்கார் வைத்த கூலியில் பாதிகூட உங்களுக்கு வரவில்லை என்று சொல்லி மனு எழுதினார். எல்லோரும் கைநாட்டு. அஞ்சாவது படித்த நான் மட்டும் கையெழுத்து, அதனால் என் பெயர் முதலில். அதை நினைத்தே இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு நாள் மேஸ்திரி ஓடிவந்தார். "ஆபீசரு வர்றாரு. கேட்டா மொதலாளிக்கு ஒறவு, ஒத்தாசைக்கு வந்தோம்னு சொல்லுங்க. மாத்திச் சொன்னவ நாளைக்கு இந்தப் பக்கம் வராத."

வள்ளி என் முழங்கையைக் கிள்ளினாள். "வாய மூடிக்கினு இருடி. இத வுட்டா எனக்கு வேற இன்னா கீது?"

ஆபீசர் கேட்டபோது வரிசையாக எல்லோரும் உறவு என்றார்கள். வள்ளியும். என்னிடம் வந்தார். "மனுவுல மொத பேரு உன்னுதாம்மா? நீயும் ஒறவா?"

நான் குனிந்து கையிலிருந்த புளியில் கொட்டையைத் தேடினேன். கூடவே நின்ற முதலாளி சிரித்துக்கொண்டே, "மலைச் சொந்தம் சார், வெக்கப்படுது" என்றார். அதுதான் சுருக்கென்று குத்தியது. எங்கள் மலையில் உறவு வந்து ஒரு பாத்தி களை எடுத்தால்கூட, கடன் வாங்கியாவது சாமைச்சோறு பொங்கிப் போடுவோம். போடாத வீட்டை ஊரே பேசும்.

"ஒறவுன்னா சோறு போட்டுருப்பாங்களே சார்" என்றேன். "நாங்க களி கட்டிக்கினு வர்றோம்."

ஆபீசர் திரும்பிப் பார்த்தார். சுவரோரம் பதினோரு தூக்குச்சட்டிகள். ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாவற்றிலும் கேழ்வரகுக் களி. மேஸ்திரி கதவைப் பார்த்தார், வள்ளி தரையைப் பார்த்தாள். ஆபீசர் நோட்டை எடுத்து எழுதினார்.

அடுத்த மாதம் சர்க்கார் கூலியை எழுதிப் பலகை மாட்டினார்கள். எல்லோருக்கும் அந்தக் கூலி வந்தது, வள்ளிக்கும். என்னை மட்டும் வேலைக்குச் சேர்க்கவில்லை.

இப்போது வள்ளி இல்லை. கொட்டகையும் இல்லை, அங்கே கல்யாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். போன மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். தூக்குச்சட்டிகள் இருந்த பக்கம்தான் பந்தி. பரிமாற வந்தவர், "பாட்டி, நீங்க பொண்ணு வூட்டு ஒறவுங்களா?" என்று கேட்டார்.

தலையாட்டிவிட்டு இலையை நன்றாக விரித்துப் போட்டேன்.