உப்பு பார்க்கும் நாக்கு

அன்று விடிந்ததிலிருந்து லவ்வாலிக்கு ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. மனைவி தலாத்து பிரசவ வலியோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். போன தடவை பிள்ளை தங்கவில்லை. அவள் பிழைத்ததே பெரும்பாடு. துணைக்கு மாமியார் மட்டும்தான். ஆண்பிள்ளை பிரசவ அறை வாசலில் போய் நின்றால் நைஜீரியாவின் கானோ நகரத்தில் சிரிப்பார்கள். மாமியாருக்குப் போன் போட்டு மகளைப் பற்றி விசாரிப்பது அதைவிட வெட்கக்கேடு. மானம் போய்விடும் என்று விதி செய்தவர்கள், கேட்காமல் இருந்தால் உயிர் போய்விடுமே என்று யோசித்தார்களா?

சரியென்று வேலையைப் பார்த்தான். துணி போல மெல்லியதாகச் சீவிய மாட்டிறைச்சி முந்தின நாள் வெயிலில் காய்ந்திருந்தது. நிலக்கடலையும் மிளகாயும் இஞ்சியும் அரைத்த விழுதில் அதை முக்கி, மறுபடி உலர்த்தி, அனலில் வாட்டினால் அவன் கடையில் விற்கும் கிலிஷி. நோன்பு மாதத்தில் விழுதை அவன் வாயில் வைக்கமாட்டான். நுனி நாக்கில் பார்த்துத் துப்பலாம் என்று இமாமே சொல்லியும் பயம். பிள்ளைத்தாய்ச்சி நோன்பு பிடிக்க வேண்டியதில்லை என்பதால், இந்த மாதம் முழுக்கத் தலாத்துதான் அவனுக்கு நாக்கு. தொட்டு நக்கிவிட்டு அவள் போதும் என்றால் போதும்.

இன்று ஒரு கை உப்பு போட்டான். போனைப் பார்த்தான். போட்டோமா இல்லையா என்று சந்தேகம் வர, இன்னொரு கை போட்டான். வாசல்வரை போய்த் திரும்பி வந்து மறுபடியும் போட்டான்.

சாயங்காலம் கடை முன்னே மோட்டார் சைக்கிள்கள் நெருக்கியடித்தன. பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வாங்கிய செய்தித்தாள் பொட்டலத்தை அங்கேயே பிரித்தார்கள். நாவிதர் தாங்கோ ஒரு கடி கடித்துத் துப்பினார்.

"ஏம்பா, மாட்டைக் கடல்ல முக்கியா கொன்ன?"

தண்ணீர் விற்பவனோடு இவனுக்குக் கூட்டு என்றார் இன்னொருவர். லவ்வாலி ஒரு துண்டைப் பிய்த்து மென்றான். அவனுக்கு எந்த ருசியும் தெரியவில்லை.

போன் அடித்தது. தலாத்துவின் எண். அந்தப் போனில் மாமியார் பேசினால் என்ன சேதியோ என்று பயந்துகொண்டே காதில் வைத்தான்.

"இன்னைக்கு உப்பு யாரு பாத்தா?" தலாத்துவின் குரல்தான், களைத்திருந்தது.

"யாரும் பாக்கல. மூணு கை போட்டுட்டேன்."

அவள் சிரித்தாள். "சிரிக்க வைக்காதீங்க, தையல் வலிக்குது. உங்க மக கத்துறா, கேக்குதா?"

கேட்டது. விடிந்ததிலிருந்து முதல் தடவையாக லவ்வாலி உட்கார்ந்தான். வாயிலிருந்த துண்டு அப்போதுதான் உப்புக் கரித்தது.