ரொட்டி சாப்பிட்டு மலையேறியவர்

பத்தொன்பது ஆண்டுகள் ரொட்டிக் கடையின் பின்கட்டில் வேலை பார்த்தவருக்கு, நாற்பத்து மூன்றாவது வயதில், ரொட்டி ஆகாது என்று தெரியவந்தது.

கடையில் அவரை ருசியக்கா என்பார்கள். மாவு பிசைவது அவர் வேலை. இயந்திரம் பெரிய அண்டாவில் சுழற்றிக் கொடுத்துவிடும். அதை வெளியே இழுத்து, எஃகு மேசையில் போட்டு, வெட்டி, உருட்டி, அச்சில் அடுக்க ஆள் வேண்டும். பெயர் வந்தது அதனால் அல்ல. அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. அன்றைய முதல் தட்டு அடுப்பிலிருந்து வந்ததும் ஒரு ரொட்டியை அறுத்து, முனைத் துண்டை அவரிடம் நீட்டுவார்கள். அவர் மென்று விழுங்கித் தலையாட்டினால்தான் மற்றவை முன்கட்டுக்குப் போகும். ஆட்டாவிட்டால் மொத்தத் தட்டும் ரஸ்க்காகிவிடும். முதலாளியம்மாகூட மறுபேச்சு பேசியதில்லை. வீட்டில் எந்தச் சேனல் ஓட வேண்டும் என்பதில்கூட ருசியக்காவின் சொல் எடுபடாது. இங்கே அவர் தலை அசைவதற்காக நாலு பேர் வேலையை நிறுத்திவிட்டு நிற்பார்கள்.

கைகளில் அவ்வப்போது தடிப்புத் தடிப்பாக அரிப்பு வரும். பின்கட்டில் பலருக்கும் வருவதுதான். மாவரிப்பு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். எண்ணெயைத் தடவிக்கொண்டு வேலையைப் பார்ப்பார்கள். பெயர் வைத்துவிட்டதால் யாரும் அதைப் பற்றி மேற்கொண்டு யோசிக்கவில்லை.

கடையின் ஆண்டு நிறைவுக்கு முதலாளியம்மா எல்லோரையும் வேனில் ஏற்றி ஊருக்கு வெளியே உள்ள மலைக்கு அழைத்துப் போனார். தலைக்கவசம் மாட்டி, இடுப்பில் கயிறு கட்டி, பாறை ஏறும் இடம். அடிவாரத்தில் காலைச் சாப்பாடு. புதிதாகப் போட்ட திராட்சை பன் ஒரு கூடை நிறைய வந்திருந்தது. அதைக் கடையில் விற்கலாமா என்று ருசியக்கா தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒன்று சாப்பிட்டார், பிடிபடவில்லை. இன்னொன்று சாப்பிட்டார். நாலாவது பன்னில்தான் முடிவுக்கு வந்தார்.

“வெண்ணெய் தூக்கல். வெளியில வெச்சா சாயங்காலத்துக்குள்ள கனத்துப் போயிடும்,” என்றார்.

“அதச் சொல்ல நாலு பன்னா?” என்றாள் பேக்கிங் பெண். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு ரேடியோ என்று பெயர். “நானா இருந்தா முதல் கடியிலயே சொல்லிட்டு மிச்சத்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருப்பேன்.”

முழங்கால் பாறையில் மக்கர் பண்ணக் கூடாது என்று ருசியக்கா ஒரு வலி மாத்திரையையும் போட்டுக்கொண்டார். எல்லோரும் ஏறத் தொடங்கினார்கள்.

“அக்கா, கல்யாணத்துக்கப்புறம் நீங்க ஏறுற முதல் மலை இதுதானே?”

“கல்யாணமே ஒரு மலைதான்டி. பேசாம ஏறு.”

பாதி உயரத்தில் உள்ளங்கை அரித்தது. கயிறு உராய்ந்திருக்கும் என்று நினைத்தார். பிறகு காது மடல் சூடானது. உச்சிக்கு வந்து உட்கார்ந்தபோது ரேடியோ அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். “அக்கா, உதடு என்ன இப்படி உப்பிடுச்சு? ஈஸ்ட் கொஞ்சம் கூடிப்போச்சா?” இரண்டு பேர் கூடச் சிரித்தார்கள். ருசியக்காவும் சிரிக்கப் பார்த்தார். வாய் கோணியது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒருக்களித்துச் சாய்ந்தார்.

இங்கேதான் அந்தத் தப்பு நடந்தது. ரொட்டிக் கடைக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அடுப்பின் சூட்டில் யாருக்காவது தலை சுற்றினால், ஒரு பன்னைச் சர்க்கரைத் தண்ணீரில் நனைத்து ஊட்டுவது அவர்கள் பழக்கம். பத்தில் ஒன்பது தடவை ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். அடுப்பைக் கவனிக்கும் பெரியவர், எல்லோருக்கும் அண்ணன், பையிலிருந்து பன்னை எடுத்துப் பிய்த்து நனைத்தார்.

“முழுங்கும்மா. வெறும் மயக்கம்தான். முழுங்கு.”

இரண்டு வாய் உள்ளே போனது. மூன்றாவது வாய்க்கு ருசியக்கா அவர் கையைத் தட்டினார்; திணித்தும் போகவில்லை. தொண்டையிலிருந்து விசில் போல ஒரு சத்தம் வந்தது. ரேடியோ முதல்முறையாகப் பேச்சை நிறுத்தினாள்.

சிவப்புத் தலைக்கவசம் போட்ட வழிகாட்டி ஓடிவந்தார். பன்னைத் தட்டிவிட்டார். “தேனீ கொட்டுச்சா? எங்க கொட்டுச்சு?” யாருக்கும் தெரியவில்லை. அந்தப் பாறைகளில் தேன்கூடுகள் உண்டு. கொட்டு வாங்கி மூச்சுத் திணறுகிறவர்களுக்காகப் பேனா போன்ற ஓர் ஊசி அவர் பையில் எப்போதும் இருக்கும். அதை எடுத்து, கால்சட்டையோடு சேர்த்துத் தொடையில் குத்தி அழுத்திப் பிடித்தார்.

ருசியக்காவுக்கு அந்த நேரத்தில் பயம் எதுவும் வரவில்லை. வழிகாட்டியின் ஒரு ஷூவில் கறுப்புக் கயிறும் இன்னொன்றில் பழுப்புக் கயிறும் இருந்ததைப் பார்த்தார். மாவு இயந்திரத்தின் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தோமா என்று யோசித்தார். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு உள்ளே போனது. தூளி போலக் கட்டிய போர்வையில் அவரைக் கீழே இறக்கினார்கள். ஆம்புலன்ஸ் காத்திருந்தது.

மருத்துவமனையில் இருந்தபோதே தேனீக் கதை கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது. ரேடியோ சொன்னதில் அந்தத் தேனீ கட்டைவிரல் மொத்தம். அவர் வீடு திரும்பியபோது அது ஒரு கூட்டமாகியிருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

“ரொம்பப் பயந்துட்டீங்களா?”

“தெரியல,” என்றார் ருசியக்கா. அடக்கத்துக்காகச் சொன்னதல்ல. உண்மையிலேயே தெரியவில்லை. நடந்ததை நினைத்துப் பார்த்தால், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்லக் கேட்டதுபோல இருந்தது. குளிர்சாதனப் பெட்டி ஓடி நிற்கும், மறுபடி ஓடும். அதைக் கேட்டுக்கொண்டே சோபாவில் உட்கார்ந்திருப்பார். கணவர் பேருந்து ஓட்டுநர். வேலை முடிந்து வந்து விளக்கைப் போட்டால்தான் இருட்டிவிட்டது என்று அவருக்குத் தெரியும்.

மருத்துவமனை அவரை ஓர் ஒவ்வாமை மருத்துவரிடம் அனுப்பியிருந்தது. இளம்பெண். அவர் கேட்ட முதல் கேள்வியே வேறு. “கொட்டின இடத்தக் காட்டுங்க.”

காட்ட இடமில்லை. ருசியக்கா கையைப் பார்த்தார், கணவர் அவர் கழுத்தைப் பார்த்தார். அன்று காலையிலிருந்து வாயில் போட்டது எல்லாவற்றையும் மருத்துவர் கேட்டார். பன், மாத்திரை, மலை. பிறகு கை அரிப்பு. ரத்தப் பரிசோதனை முடிவு வந்த நாளில் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

“கோதுமைதான். ரொட்டி மட்டும் சாப்பிட்டா பெருசா ஒண்ணும் ஆகாது. மலை மட்டும் ஏறினாலும் ஆகாது. சாப்பிட்டுட்டு உடம்ப வருத்தினா, ரெண்டும் சேர்ந்து ஆளையே சாய்ச்சிடும். வலி மாத்திரை அத இன்னும் கிளப்பிவிடும். தினமும் ஒரு துண்டுதான் சாப்பிட்டிருக்கீங்க, அத உடம்பு சமாளிச்சிருக்கு. அந்த அரிப்பு சமாளிச்சதோட அடையாளம்.”

“எங்கம்மாவும் இவளும் மாதிரிங்க,” என்றார் கணவர். “தனித்தனியா பாத்தா ரெண்டு பேரும் தங்கம்.”

மருத்துவர் சிரித்தார். வேறு நாளாக இருந்தால் கணவரின் விலாவில் ஓர் இடி விழுந்திருக்கும். ருசியக்கா மேசை மேல் இருந்த பேப்பர்வெயிட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவரே சிரிப்பை விட்டுவிட்டு, “வேலைக்குப் போகலாமா?” என்று கேட்டார்.

“கோதுமை இனி வாய்க்குள்ள போகக் கூடாது. மாவுத் தூசிக்கு நடுவுல நின்னு கனமான வேலை செய்றதும் வேண்டாம்னுதான் சொல்வேன். ஊசிய எப்பவும் கூடவே வெச்சுக்கணும்.”

பேருந்தில் திரும்பும்போது கணவர் சொன்னார். “விட்டுடலாம். வீட்ல இரு. நான் பாத்துக்கறேன்.”

அந்தப் பின்கட்டை எடுத்துவிட்டால், தன் சொல்லுக்கு மதிப்புள்ள இடம் வேறு எங்கேயும் இல்லை என்பது ருசியக்காவுக்குத் தெரியும். தெரிந்ததே தவிர, வலிக்கவில்லை. பல் டாக்டரிடம் ஊசி போட்டுக்கொண்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பதுபோல, அந்த நினைப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் அடுப்பண்ணன் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“நான்தாம்மா ஊட்டினேன். வேண்டாம்னு நீ கையத் தட்டின. நான்தான் திணிச்சேன்.”

கோபம் வருகிறதா என்று ருசியக்கா தேடிப் பார்த்தார். வரவில்லை. அழுகையும் வரவில்லை. நின்றுகொண்டிருக்கும் மனுஷனுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே.

“சர்க்கரை அதிகமா இருந்துச்சுண்ணே,” என்றார்.

அவர் ஒரு கணம் முழித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். காப்பி போடச் சொல்லி, இரண்டாவது தம்ளரும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார்.

வார இறுதியில் ருசியக்கா தானாகவே கடைக்குக் கிளம்பினார். கணவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதே படியிறங்கிவிட்டார். வழக்கம்போலப் பின்வாசல். கதவைத் தள்ளியதும் நாலு குரல் ஒன்றாகக் கத்தின.

“உள்ள வராதீங்க!”

ரேடியோ ஒரு முறத்தைக் கேடயம் போலப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். “அக்கா, காத்துல முழுக்க மாவு! மூக்கப் பொத்துங்க! மூக்கப் பொத்துங்க!” தன் மூக்கைத்தான் பொத்திக்கொண்டாள்.

முதலாளியம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அவர் பேச்சை அதிகம் சுற்றி வளைக்க மாட்டார்.

“ஒரு வாரமா முதல் துண்ட நாலு பேரும் சாப்பிட்டு நாலு விதமா சொல்றாங்க. இந்த ரேடியோ எல்லாத்தையும் பிரமாதம்ங்கறா. நீ இல்லாம கஷ்டம்தான். ஆனா உன்ன உள்ள விட்டுட்டு, ஏதாவது ஆயிட்டா நான் யாருக்குப் பதில் சொல்றது? முன்கட்டுல கண்ணாடிக்குப் பின்னால நிக்கறியா? பாக்கெட்ல போட்டதத்தான் அங்க தொடணும். இஷ்டம் இல்லன்னா சொல்லிடு, வருத்தப்பட மாட்டேன்.”

“இங்க யாரு பாப்பாங்க?”

“அத நீயே சொல்லிட்டுப் போ.”

நாலு பேரும் அவரைப் பார்த்தார்கள். ரேடியோ கொஞ்சம் முன்னால் நகர்ந்து நின்றாள்.

“அண்ணன் பாக்கட்டும்,” என்றார் ருசியக்கா.

அடுப்பண்ணன் தலை குனிந்தார். “எனக்கு நாக்கே செத்துப்போச்சும்மா. சூட்டுல நின்னு நின்னு.”

“எனக்கும்தான் அண்ணே. உள்ள எதுவுமே தெரிய மாட்டேங்குது. அதுக்காக நிக்காம இருக்க முடியுமா?”

மலையிலிருந்து வந்த பிறகு அவர் தன்னைப் பற்றித் தானாகச் சொன்ன ஒரே வார்த்தை அதுதான். சொல்லிவிட்டு அவரும் கொஞ்சம் ஆச்சரியத்தோடுதான் நின்றார். பிறகு முதலாளியம்மாவிடம் திரும்பி, “பில் மெஷின் எனக்குத் தெரியாதும்மா,” என்றார்.

“எனக்கு மட்டும் தெரியுமா? தப்பா அழுத்தினா அது கத்தும். கத்தினா விட்டுட்டு மறுபடி அழுத்து.”

தெருவைச் சுற்றிக்கொண்டு முன்வாசல் வழியாகக் கூட்டிப்போய்க் காட்டினார். ஊசியை வைக்க மேசையின் மேல் இழுப்பறை. அது எங்கே இருக்கிறது, எப்படிக் குத்துவது என்று கடையில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார் முதலாளியம்மா. ரேடியோ ஏற்கெனவே ஒரு பேனாவை வைத்துத் தன் தொடையில் பழகிப் பார்த்து, சுடிதாரை மையாக்கியிருந்தாள். பின்கட்டுக்கும் முன்கட்டுக்கும் நடுவே இருக்கும் கதவை இனி எந்நேரமும் சாத்தியே வைப்பது என்று முடிவானது.

வரும் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முன்கட்டு ஷட்டரை ருசியக்கா திறக்கிறார்.