மச்சான் தோப்புக்கு ஒரு போர்டு

கிணத்துக்கடவில் மச்சானுக்குத் தென்னந்தோப்பு. கரண்ட் வந்ததும் மோட்டார் தானே ஓடும்படி ஒரு போர்டு செய்து தருகிறேன் என்று ஒரு காதுகுத்து விருந்தில், பாயசத்துக்கும் மோருக்கும் நடுவே, வாயை விட்டுவிட்டேன். அவர் என்னை நம்பினார். நம்பி, பழைய ஸ்டார்ட்டரைக் கழற்றியும் போட்டார். அன்றிலிருந்து அங்கே கன்றுகள் வாட, இங்கே என் வீட்டுச் சாம்பாரில் உப்பு குறைந்தது.

போர்டுக்கு வரைபடம் என்னுடையது. செய்து கொடுத்தவர் என் கூட்டாளி, மோட்டார் ரீவைண்டிங் பட்டறைக்காரர். அதன் மூளையான மைக்ரோகண்ட்ரோலர் சில்லைப் பற்றவைத்தாயிற்று. அதற்குள் புரோகிராம் ஏற்றுவதுதான் பாக்கி. போர்டின் ஓரத்தில் அதற்கென்றே சில செப்புப் பொட்டுகள். லேப்டாப்பில் மாட்டிய கருவியின் ஸ்பிரிங் ஊசிகளை அவற்றின்மேல் அழுத்தினால் போதும்.

அவர் பட்டறையிலேயே வைத்து அழுத்தினேன். சில்லு எதுவும் இல்லை என்றது திரை. கண்ணால் காண்பது மாயை என்று நானும் படித்திருக்கிறேன். லேப்டாப்பும் படித்திருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

கேபிளை மாற்றினேன். டிரைவர் சாஃப்ட்வேரை அழித்து மறுபடி ஏற்றினேன். லேப்டாப்பையே மாற்றினேன். மல்டிமீட்டரின் கூர்முனையைப் பொட்டில் குத்திச் சில்லின் கால்வரை சோதித்தேன். எல்லா இடத்திலும் பீப் என்று ஒப்புக்கொண்டது. மீட்டருக்கு உண்டு, லேப்டாப்புக்கு இல்லை.

அதற்குள் மச்சான் நேரிலேயே பட்டறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“ஏனுங்க மாப்ளை, ஆவுங்களா?”

“ஆயிருமுங்க மச்சான்.”

“எனக்கொண்ணும் அவசரமில்லீங்க. கன்னுகதான் கேட்டுட்டு இருக்குது.”

வெட்கத்தில் போர்டை வெளிச்சத்துக்குச் சாய்த்தேன். தேன் பூசியதுபோல மினுங்கியது.

“என்னங்க இது?” என்றேன் கூட்டாளியிடம்.

“வார்னிஷுங்க. முக்கியெடுத்து ஓவன்ல காய வெச்சுப்போட்டேன். தோப்பு ஈரம் பாருங்க.”

“புரோகிராம் ஏத்தறதுக்கு முன்னாலயேங்களா?”

“வார்னிஷ் போடாம எந்த மோட்டார் காயிலும் நம்ம பட்டறைய விட்டுப் போனதில்லீங்க.”

“இது காயில் இல்லீங்க.”

“அதனாலதானுங்க ஒரே முக்கு. காயில்னா ரெண்டு.”

மீட்டரின் கூர்முனை வார்னிஷைத் துளைத்துச் செப்பைத் தொட்டிருக்கிறது. ஸ்பிரிங் ஊசிகளுக்கோ மொட்டை மூக்கு, கரண்ட் கடத்தாத அந்தப் பூச்சின் மேலேயே நின்றுவிட்டன. பிளேடை எடுத்துப் பொட்டுகளைச் சுரண்டினேன். பெற்ற பிள்ளைக்கு ஊசி போடும்போது திரும்பிக்கொள்கிற தகப்பனைப்போல, கூட்டாளி சுவரைப் பார்த்து நின்றார். புரோகிராம் மறுபேச்சில்லாமல் ஏறியது.

மறுநாள் தோப்பில் கரண்ட் வந்தது. யாரும் தொடாமலே மோட்டார் உறுமியது. வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது. மச்சான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஓடுதுங்க மாப்ளை.”

“இனி நீங்க இதுக்குன்னு வரவே வேண்டாமுங்க.”

“வராம எப்படீங்க? முன்னெல்லாம் ஸ்டார்ட்டர் பட்டன அமுக்கறதுக்கு வந்தேன். இனி தானா ஓடுச்சான்னு பாக்கறதுக்கு வரோணுமில்லீங்களா.”