மூன்று புள்ளி ஆறு என்று பெட்டியில் போட்டிருந்தது

கடையில் அவளுக்கு விடாக்கண்டி என்று பெயர். வைத்தவர் முதலாளி. அவர் வேறு யாருமில்லை, அவளுடைய அக்கா புருஷன்தான். வாயை அடைக்க வைத்த பெயரை அவள் பட்டம் கொடுத்தது மாதிரி வாங்கிக்கொண்டாள். "ஆமா மாமா, விடாக்கண்டிதான். எதிர்ல ஒரு கொடாக்கண்டன் உக்காந்திருந்தா வேற எப்படி இருக்கிறதாம்?" என்று அவள் கேட்டதும் கல்லாவில் இருந்த அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு வருகிறவர்கள்கூட அந்தப் பெயரைத்தான் சொல்லிக் கேட்கிறார்கள்.

அவள் அந்தக் கடைக்கு வந்தது பில் போடத்தான். வந்து இரண்டாவது வருஷம், அப்போதிருந்த மெக்கானிக் ஒருநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் எதிர்க்கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். மேஜையில் ஒரு மெஷின் வயிறு திறந்து கிடந்தது, அதற்கு உரியவர் வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார். மாமா போனில் ஆள் தேடிக்கொண்டிருந்த நேரத்தில், பெட்டிக்குள் இருந்த சின்னப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அவள் ஒவ்வொரு வயராகச் செருகினாள். மதியத்துக்குள் மெஷின் ஓடியது. மாமாவுக்குச் சம்பளம் ஒன்று மிச்சம். அவளுக்கு மேஜை கிடைத்தது.

அதற்குப் பிறகு எட்டு வருஷம். இன்றைக்கும் சில பேர் உள்ளே வந்ததும் அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள். "மெக்கானிக் இல்லையாம்மா?" "இருக்காங்களே. நான்தான்." அதைச் சொல்லும்போது அவள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். எத்தனை பேருக்குத்தான் நிமிர்வது?

ஒரு வெள்ளிக்கிழமை காலை வரைபடக்காரர் வந்தார். இன்னும் கட்டாத வீடு, கட்டினால் எப்படி இருக்கும் என்று படம் போட்டுக் கொடுப்பவர். போன வாரம்தான் அவருக்கு அவள் ஒரு மெஷினைச் சேர்த்துக் கொடுத்திருந்தாள். ஒரு கையில் அந்த மெஷின், இன்னொரு கையில் அதன் மூளையான பிராசஸர் சிப் வந்த காலி அட்டைப்பெட்டி.

"இதுல வேகம் மூணு புள்ளி ஆறு கிகாஹெர்ட்ஸ்னு போட்டிருக்கு. எவ்வளவு வேலை குடுத்தாலும் இதுக்குக் கீழே போகக் கூடாதாம். என் படத்தை ஓட விட்டா ஒண்ணு புள்ளி ஒன்பதுல போய் உக்காந்துக்குது. ஒரு மணி நேர வேலைக்கு ரெண்டு மணி நேரம் ஆகுது."

மாமா வழக்கமான பதிலை எடுத்து வீசினார். "உங்க ஃபைல் பெரிசு சார்."

"என் ஃபைல் பெரிசுதான். அதனாலதான் இதை வாங்கினேன்." அவர் கோபப்படவில்லை. அதுதான் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. "எனக்கு மாத்திக் குடுக்கணும்னு இல்ல. ஏன்னு மட்டும் சொல்லுங்க" என்று மெஷினை வைத்துவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் மாமா இவள் பக்கம் திரும்பினார். "அழுத்தி வெச்சிருப்பே. சிப்புன்னா மாவா, பிசையறதுக்கு? திங்கட்கிழமை ஒரு ஆள் வரான், சர்ட்டிபிகேட் வெச்சிருக்கிறவன். அவன் பாக்கட்டும். சிப் உன் கையால போயிருந்தா இனிமே இந்த மேஜை அவனுக்கு. நீ பழையபடி பில் போடு."

"என் கையால போகல மாமா."

"எப்படித் தெரியும்?"

"தெரியாது. கண்டுபிடிக்கிறேன்."

அப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, மேஜை போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு இருந்தது. பில் போடுவது கேவலமான வேலை ஒன்றும் இல்லை. ஆனால் தானாகப் போய் உட்காருவது வேறு, தள்ளி உட்காரவைப்பது வேறு. எட்டு வருஷத்துக் கைவேலையை ஒரே வார்த்தையில் மாவு பிசைவதாக ஆக்கிவிட்டாரே என்று அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

முதலில் சூட்டைப் பார்த்தாள். சிப் ரொம்பச் சூடானால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். தெரிந்த வியாதி. முழு வேலையையும் கொடுத்து அரை மணி நேரம் ஓட்டினாள். நாற்பத்தாறு டிகிரி. சளி, காய்ச்சல் எதுவும் இல்லாமல் குளுகுளு என்று இருந்தது, வேகம் மட்டும் ஒன்று புள்ளி ஒன்பது. அடுத்து, மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லி விண்டோஸில் ஏதாவது போட்டிருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. பவர் சப்ளையை மாற்றினாள். அதே கதை. கடைசியில் சிப்பைக் கழற்றிவிட்டு, மதர்போர்டில் அது உட்காரும் குழியைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். ஆயிரத்துக்கும் மேல் ஊசிக்கம்பிகள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வரிசை வரிசையாகப் பார்த்தாள். ஒன்றுகூட வளையவில்லை.

"மாமா, வந்து பாருங்க. அழுத்தினேன்னு சொன்னீங்களே, எங்கன்னு காட்டுங்க."

மாமாவுக்கு அந்த நேரம் பார்த்து ஒரு போன் வந்தது.

சனிக்கிழமை கடை திறந்ததும், ஸ்டாக்கிலிருந்து அதே மாடலில் ஒரு புது போர்டை எடுத்தாள். எப்போதும் செய்கிறபடி அதைத் தயார் செய்து, வரைபடக்காரரின் சிப்பை அதில் வைத்தாள். ஒன்று புள்ளி ஒன்பது.

"பாத்தியா? போர்டை மாத்தினாலும் அப்படியேதான் இருக்கு. சிப்புதான் போச்சு" என்றார் மாமா. குரலில் வருத்தத்தைவிட நிம்மதி அதிகம் இருந்தது.

அவள் உள்ளே போய், சீல் உடைக்காத இன்னொரு சிப்பை எடுத்து வந்து, மாமாவின் கண் முன்னாலேயே பிரித்து, பழைய போர்டில் வைத்தாள். அதுவும் ஒன்று புள்ளி ஒன்பது.

"இதையும் நான்தான் அழுத்திட்டேனா? பெட்டிக்குள்ள கையை விட்டா?"

மாமா காலிப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவளும் அதை ரசிக்கவில்லை, ஏனென்றால் மண்டைக்குள் வேறொன்று குடையத் தொடங்கியிருந்தது. சிப் இரண்டு, போர்டு இரண்டு. நாலும் ஒன்றுசேர்ந்து கெட்டுப்போகுமா? நாலுக்கும் பொதுவாக என்ன இருக்கிறது? மேஜை, திருப்புளி, அவள். அப்புறம் பெரியவர்.

பெரியவர் என்பது ஒரு பென் டிரைவ். கடையில் ஒரே மாடல் போர்டைத்தான் மொத்தமாக வாங்கிப் போடுவார்கள். ஒவ்வொரு புது போர்டிலும் தேதியிலிருந்து ஃபேன் வேகம் வரை ஒரு டஜன் விஷயங்களைத் திருத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும் என்று, எல்லாவற்றையும் ஒருமுறை சரிசெய்து ஒரு ஃபைலாகச் சேமித்து வைத்திருந்தார்கள். டிரைவைச் செருகி ஒரு பட்டனைத் தட்டினால் போர்டு தயார். சுவரில் ஆணி அடித்து அதை மாட்டியிருந்தார்கள். பெரியவரைப் பார்க்காமல் எந்த மெஷினும் அந்தக் கடையின் வாசலைத் தாண்டியதில்லை.

அவள் பழைய போர்டைக் கம்பெனியிலிருந்து வந்த நிலைக்கே திருப்பினாள். வரைபடக்காரரின் சிப்பை வைத்து முழு வேலை கொடுத்தாள். மூன்று புள்ளி எட்டு. பெட்டியில் போட்டதைவிடக் கூட! ஆணியிலிருந்து பெரியவரை எடுத்துச் செருகினாள். ஒன்று புள்ளி ஒன்பது. எடுத்தாள், திருப்பினாள், மறுபடி செருகினாள். மூன்று முறையும் அதேதான்.

"அக்கா, என் கை இல்ல! பெரியவர்தான்!" என்று கடை அதிரக் கத்தினாள்.

சந்தோஷம் அவ்வளவுதான் நீடித்தது. ஃபைலைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு வந்தவள் ஒரு வரியில் நின்றாள். சிப்புக்குப் போக வேண்டிய மின்சாரம் அறுபத்தைந்து வாட். ஃபைல் முப்பத்தைந்துக்கு மேல் விடாதே என்றது. ஃபைலின் தேதி மூன்று வருஷத்துக்கு முந்தையது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

அப்போது கடை ஒரு மாடி அறையில் இருந்தது. வயரிங் படு மோசம். மூன்று மெஷினை ஒன்றாக ஓட்டிச் சோதித்தால் ஃப்யூஸ் போய்விடும், பக்கத்து அறைத் தையல்காரர்கள் கத்தரிக்கோலோடு வந்து நிற்பார்கள். "ஃப்யூஸ் போகாம ஏதாவது பண்ணு" என்றார் மாமா. அவள் மின்சாரத்தைப் பாதியாகக் கட்டிப்போட்டாள். சோதனை முடியும் வரைக்கும்தான், விற்கும் முன்பு எடுத்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் அதையும் சேர்த்து ஃபைலாகச் சேமித்தவள் அவள்தான். ஆணி அடித்தவளும் அவள்தான். கடை மாறியது, வயரிங் மாறியது, அந்த ஒரு வரி மாறவில்லை. விற்கும் முன்பு அவர்கள் செய்யும் சோதனை, ஐந்து நிமிஷம் ஒரு வீடியோ ஓட்டிப் பார்ப்பது. அந்த லேசான வேலைக்கு வேகம் குறையவே குறையாது. கனமான வேலை வந்தால்தான் மூச்சு வாங்கும். அப்படி மூச்சு வாங்குகிறது என்று வந்து சொன்னவர்களிடம் உங்க ஃபைல் பெரிசு என்று சொல்லி அனுப்பினார்கள். மாமா மட்டுமா சொன்னார்? அவளும்தான் சொன்னாள். வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது.

மறைக்காமல் மாமாவிடம் சொன்னாள். மாமாவுக்கோ போன உயிர் திரும்பி வந்தது.

"அட, சிப் போகலையா! அப்புறம் என்ன? ரெண்டு நிமிஷ வேலை, மாத்தி விடு. கம்பெனியில சிப்பை மாத்திக் குடுத்துட்டாங்கன்னு அந்த ஆள்கிட்ட நான் சொல்லிக்கிறேன். திங்கட்கிழமை வர்றவனையும் வேணாம்னு சொல்லிடறேன். மேஜை உனக்குத்தான். திருப்திதானே?"

"இதுவரைக்கும் வித்ததெல்லாம்?"

"எதெல்லாம்?"

"மூணு வருஷமா பெரியவரைப் பாத்துட்டுப் போனது எல்லாமே மாமா. ஒவ்வொண்ணும் பாதிதான் ஓடுது."

"யாராவது கேட்டாங்களா?"

"கேட்டாங்க. நாமதான் அவங்களை வாயடைச்சு அனுப்பினோம்."

மாமா குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. இதைப் பத்தி வெளியே மூச்சு விடக் கூடாது. ஊர் பூரா கூப்பிட்டு, நாங்க வித்தது அரை மெஷின்னு சொல்லுவியா? கடை பேர் என்ன ஆகும்? நீ ஒரு போன் பண்ணினாலும் திங்கட்கிழமை அவன் வருவான். மேஜை போயிடும். யோசிச்சுக்கோ."

யோசிக்க அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. மாவு பிசைந்தாய் என்றபோது வந்த கோபம் வேறு. இப்போது வந்தது அதைவிடப் பெரியது, அதில் பாதி தன் மேலேயே. தப்பு பண்ணின கை என்று யார் சொன்னாலும் இனிமேல் வாங்கிக்கொள்ளலாம். தப்பை மூடின கை என்று தானே தன்னைச் சொல்லிக்கொண்டு அந்த மேஜையில் எப்படி உட்காருவது?

"மேஜையை நீங்களே வெச்சுக்கோங்க. எனக்குப் போன் போதும்" என்றாள்.

"உன் தங்கச்சிக்கு நீயாவது சொல்லேன்" என்று மாமா கல்லா பக்கம் திரும்பினார். அக்கா டிராயரைத் திறந்து, வாங்கியவர்களின் போன் நம்பர் எழுதிய வாரண்டி நோட்டை எடுத்துத் தங்கையின் முன்னால் வைத்தாள். அப்புறம்தான் புருஷனைப் பார்த்தாள். "இவ விடமாட்டா. உங்களுக்குத் தெரியாதா? நீங்கதானே பேர் வெச்சீங்க."

முதல் போன் வரைபடக்காரருக்கு. "சார், சிப்புல குறை இல்ல, உங்க ஃபைல்லயும் இல்ல. தப்பு என்னுது" என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னாள். "இதைத்தாம்மா கேட்டேன்" என்றார் அவர். "சாயந்தரம் வந்து எடுத்துக்கறேன்."

மீதி இருநூற்றுப் பன்னிரண்டு பேர். எல்லோரிடமும் அதையே சொல்லி, மெஷினைக் கொண்டுவந்தால் சரிசெய்து தருவதாகச் சொன்னாள். சிலர் நன்றாகவே ஏசினார்கள். வாங்கிக்கொண்டாள். சிலருக்கு என்ன சொல்கிறாள் என்றே விளங்கவில்லை, இரண்டு தரம் சொன்னாள். அறுபதாவதோ என்னவோ ஒரு டீச்சர். பிள்ளைகளுக்குப் பாட வீடியோ செய்கிறவர். மெஷின் மெதுவாக ஓடுகிறது என்று இரண்டு முறை அதைத் தூக்கிக்கொண்டு வந்தவர். இரண்டாவது முறை, "உங்களுக்கு யூஸ் பண்ணத் தெரியல டீச்சர்" என்று நாலு பேர் முன்னால் இவள் சொன்னது இவளுக்கு நன்றாகவே நினைவிருந்தது. அந்த நம்பரையும் அழுத்தினாள்.

டீச்சர் கடைசி வரை குறுக்கிடாமல் கேட்டார். "அப்போ நான் சொன்னது சரிதானே?"

"சரிதான் டீச்சர். நான்தான் கேக்கல."

"வீட்டுல எல்லாரும் என்னைத்தான் கேலி பண்ணினாங்க. எனக்கே சந்தேகம் வந்துடுச்சு, நமக்குத்தான் ஒண்ணும் தெரியலையோன்னு." போன் வைக்கப்பட்டது. இவள் நோட்டைப் பார்த்து அடுத்த நம்பரை அழுத்தினாள்.

மாமா சொன்ன சொல் தவறவில்லை. திங்கட்கிழமை சர்ட்டிபிகேட்காரன் வந்தான், மேஜையில் உட்கார்ந்தான். கெட்டவன் இல்லை, அவளுக்கு வணக்கம் வேறு வைத்தான். அவள் அக்காவுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, பாக்கி இருந்தவர்களுக்குப் போன் செய்துகொண்டிருந்தாள். கடை வாசலில் வண்டிகள் வந்து நின்றன. பெட்டி பெட்டியாக மெஷின்கள் இறங்கின. மாமா ஓரமாக நின்று, கடை பேர் போகிற அழகைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் வியர்க்க விறுவிறுக்க மெஷினை அணைத்துக்கொண்டு உள்ளே வந்தார். புது ஆள் எழுந்து, வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். டீச்சர் மெஷினை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க வேணாம் தம்பி. என்கிட்ட தப்பு என்னுதுன்னு சொன்னாங்களே, அவங்க எங்க? இதை அவங்கதான் திறக்கணும்."