தாயே, நாக்கை நீட்டு

எங்கள் டாக்டர் வேட்டி கட்டி நான் பார்த்தது ஒரே ஒரு முறைதான். அதுவும் என் வேட்டி. இடுப்பில் நிற்காததால் மேலே பெல்ட் போட்டுக்கொண்டார்.

மயிலாப்பூரில் அவருடைய டிஸ்பென்சரியில் நான் கம்பவுண்டர். மிக்ஸ்சர் கலக்குவேன். பேசுவது குறைவு, பெண்கள் வந்தால் அதுவும் இல்லை. ஒரு நாள் மாட வீதி குமாஸ்தா ஒருவர் பின்வாசல் வழியாக வந்தார். அவருடைய ஏழு வயதுப் பெண்ணுக்குக் கடும் ஜுரம்.

"ஆத்துல அம்பாள் வந்திருக்கா. வாசல்ல வேப்பிலை சொருகியாச்சு. டாக்டர், மருந்துன்னு பேச்செடுத்தா ஆம்படையா என்னையே உள்ள விடமாட்டா. ஆனா கொழந்தைக்குத் தண்ணிகூட எறங்கலை சார்."

"கொப்புளம் இருக்கா?"

"இல்லை. ஒடம்பெல்லாம் பொரிப்பொரியா இருக்கு."

டாக்டர் முகம் மாறியது. ஸ்கார்லெட் ஜுரமாக இருந்தால் கிட்னியைக் கெடுத்துவிடும், பக்கத்தில் படுக்கும் தம்பிக்கும் தொற்றும் என்றார். சீமையில் படித்தபோது நிறையப் பார்த்தாராம்.

"நாக்கைப் பாத்தா போதும். ஸ்ட்ராபெரி மாதிரி இருக்கும்."

"அது என்ன சார்?" என்றேன்.

"ஜாம் டின் மேல படம் போட்டிருக்குமேய்யா."

கிணற்றடியில் குளித்து, விபூதி பூசி, ஈர வேட்டியுடன் இருவரும் போனோம். அம்பாள் உபாசகர் என்று குமாஸ்தா அறிமுகம் செய்தார். அவர் மனைவி மேலும் கீழும் பார்த்தாள்.

"இடுப்புல என்னது?"

"விரதம்" என்றார் டாக்டர்.

வேப்பிலை மேல் கிடந்த குழந்தை முன்னால் மண்டியிட்டார். "தாயே, காளி ரூபத்துல தரிசனம் குடுக்கணும். நாக்கை நீட்டு."

குழந்தை அம்மாவைப் பார்த்தது. "நீட்டுடி அம்மா" என்று அவள் கை கூப்பினாள்.

கற்பூரத் தட்டை நான் பிடித்தேன். ஆரத்தி வெளிச்சத்தில் டாக்டர் தொண்டையைப் பார்த்தார், வீங்கிச் சிவந்திருந்தது. நாக்கில் வெள்ளைப் படலம் உரிந்து, சிவப்பாகப் பொரிப்பொரியாகத் தடித்திருந்தது. "தொட்டுக் கும்பிடுய்யா" என்றார். குழந்தையின் கையைத் தொட்டேன், உப்புத்தாள் போலச் சொரசொரத்தது. மாநிறத் தோலில் சிவப்பே தெரியவில்லை. வாயைச் சுற்றி மட்டும் வெளுத்திருந்தது.

"தாயே, உனக்கு என்ன வேணும்?"

"தொண்டை வலிக்கறது, பெல்ட் மாமா. டிஸ்பென்சரி மருந்து வேணும்."

அந்த அம்மாள் கற்பூரத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கணவரிடம், "அம்பாளே கேட்டுட்டா. குடுக்கச் சொல்லுங்கோ. வேஷ்டி கட்டிண்டா டாக்டரை நேக்கு அடையாளம் தெரியாதா?" என்றாள். அவளும் அம்பாளின் உத்தரவுக்குத்தான் காத்திருந்திருக்கிறாள்.

தம்பியை வேறு வீட்டுக்கு அனுப்பினோம். தொண்டைக்குள் தடவ மருந்துப் பெயிண்ட், குடிக்கப் பாலும் பார்லித் தண்ணீரும். சிறுநீர் கலங்குகிறதா என்று டாக்டர் விடாமல் சோதித்தார். ஜுரம் இறங்கிச் சில நாளில் விரல் நுனியில் தோல் உரிந்தது, ஸ்கார்லெட் ஜுரம்தான் என்பதும் உறுதியானது. குழந்தை எழுந்து, திரும்பி வந்த தம்பியை அடிக்கப் போனாள்.

புதிதாக வரும் கம்பவுண்டர்களுக்கு நான் சொல்வது இதுதான். நம் ஊர்த் தோலில் சிவப்பைத் தேடாதீர்கள். தடவிப் பாருங்கள், நாக்கை நீட்டச் சொல்லுங்கள். ஸ்ட்ராபெரியை நான் இன்றுவரை பார்த்ததில்லை. எப்போதாவது கிடைத்தால், அந்த நாக்கை வைத்து அடையாளம் கண்டுகொள்வேன்.