நீலக் கோடு

மொன்றியலில், வில்லரேப் பக்கம் ஒரு தேவாலய மண்டபத்தில், சனிக்கிழமைகளில் சீனப் பிள்ளைகளுக்கு ஆங்கிலக் கட்டுரை எழுதப் பழக்கினோம். ஒரு மேசை எனக்கு, மற்றது என்னோடு படிப்பித்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்கு. என்னைவிட வயதில் குறைந்தவ. எப்போதும் காதிடுக்கில் ஒரு நீலப் பேனை. பிள்ளைகள் சீனத்தில் யோசித்து மொழிபெயர்த்துக் கொண்டுவருவதில் நான் ஒரு பிழையையும் விடாமல் சிவப்பால் திருத்துவேன். அவ தனக்குப் பிடித்த ஒரே ஒரு வசனத்தின் கீழ்க் கோடு போட்டுக் கொடுப்பா, அவ்வளவுதான். ஒரு மாதத்தில் என் மேசையில் இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள், மற்றவர்கள் அவவின் மேசைக்குப் போய்விட்டார்கள்.

"பிழையள் உங்கட கண்ணில படுறேல்லையோ?" என்று கேட்டேன்.

"படாமல் என்ன அண்ணை. கோடு வாங்கின பிள்ளை மற்றதைத் தானே திருத்திக்கொண்டு வருது."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. அடுத்த சனிக்கிழமை, இந்த நகரத்துக்கு நான் வந்திறங்கிய நாளைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதி, பெயர் போடாமல் அவவின் தாள்களுக்குள் செருகிவிட்டேன். நான்கு தரம் திருத்திய கட்டுரை. அவ வாசிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பேனை வரி வரியாக இறங்கியது, ஓரிடத்திலும் நிற்கவில்லை.

அவ போனபிறகு தாளை எடுத்துப் பார்த்தேன். கோடு இல்லை. அடியில் நீலத்தில், 'பிழை ஒன்றும் இல்லை' என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தா.