சோதனைப் பறப்புக்கு முன்

சீனக்குடாவில் சிறு விமானங்களைப் பழுதுபார்க்கும் கொட்டகையில் நான் மெக்கானிக்காக இருந்தபோது, கொழும்பிலிருந்து ஒரு பரிசோதகர் வருவார். ஒல்லியான மனிதர், காதோரம் நரை. எஞ்சினைத் தொடுமுன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி கைலேஞ்சித் துணியில் முடிந்து சட்டைப்பைக்குள் வைப்பார். யார் அவசரப்படுத்தினாலும் அந்த முடிச்சைப் போடாமல் கைவைக்கமாட்டார்.

அன்று எஞ்சினுக்கு எரிபொருளை அளந்துவிடும் கருவியைக் காட்டி, "உள்ளுக்கு இருக்கிற றப்பர் சீல் வளையத்தை மாத்தினனீங்களோ?" என்று கேட்டார்.

"ஓம் சேர், மாத்தினனான்."

மாற்றவில்லை. வெளியே கசிவில்லையே என்று, மாற்றியதாகப் பதிவேட்டில் கையெழுத்தை மட்டும் வைத்திருந்தேன்.

கருவியைத் திறப்பதென்றால் மூடியின் பூட்டுக்கம்பியை வெட்டிப் புதுக்கம்பி முறுக்க வேண்டும். அங்கே உப்புக்காற்றில் மங்கிய பழைய கம்பிதான் கிடந்தது. அவர் அதை விரலால் ஒருமுறை தடவினார்.

"நல்லது. பின்னேரம் சோதனைப் பறப்பு. நானும் ஏறுறன், நீங்களும் வாங்கோ."

"ஏலாது சேர். வயிறு சரியில்லை."

அவர் புதுச் சீல் ஒன்றை எடுத்துவரச் சொன்னார். கம்பியை வெட்டித் திறந்து, வெடித்திருந்த பழைய சீல் வளையத்தை என் உள்ளங்கையில் வைத்தார். புதியதைத் தானே போட்டுக் கம்பியை முறுக்கினார். பிறகு லேஞ்சி முடிச்சை அவிழ்த்தபடி, என் முகம் பாராமல் கேட்டார்.

"இப்ப வயிறு எப்படி?"

ஏறினேன். குடாவுக்கு மேலே பறந்த நேரம் முழுக்க அவர் என்னை ஏசவில்லை. நான் ஏறப் பயந்த விமானத்தில் அவரை ஏற்றிவிடத் துணிந்தவன் நான். அது தெரிந்தும் என் பக்கத்தில் எப்படி உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.